மில்லுல ஓடின 386: மதர்போர்டைத் தின்ன பேட்டரி

(எபிசோட்ல பேசினதோட எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

வழக்கமா நாம சாஃப்ட்வேர் பக் பத்திதான் பேசுவோம். இந்த வாரம் கையில தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பக். பச்சை நிறத்துல, பூஞ்சை பிடிச்ச மாதிரி இருக்கும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல பெரியப்பா போன் பண்ணார். "தம்பி, மில்லை வித்துட்டாங்க. வியாழக்கிழமைக்குள்ள ஆபீஸ் ரூமைக் காலி பண்ணிக் கொடுக்கணும். நான் கணக்கு போட்ட பழைய கம்ப்யூட்டர் பரண்ல கிடக்கு. ஓடுதான்னு வந்து பாரு. ஓடலைன்னா எடைக்குப் போட்டுருவோம்."

பெரியப்பா மண்ணச்சநல்லூர்ல ஒரு ரைஸ் மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு பார்த்தவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியா துறையூர் பக்கம் போனா வர்ற ஊர். பொன்னி அரிசி வாங்குறவங்களுக்குப் பேரைச் சொன்னாலே தெரியும்.

இந்த மாதிரி ஊருக்குக் கம்ப்யூட்டர் வந்ததுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1984 நவம்பர்ல ராஜீவ் காந்தி அரசு ஒரு புதிய கம்ப்யூட்டர் கொள்கையைக் கொண்டு வந்துச்சு. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்துச்சு. அதே வருஷம்தான் ஐபிஎம் தன்னோட பிசி ஏடி மாடலை வெளியிட்டுச்சு. அதைப் பார்த்து உலகம் முழுக்க 'ஏடி கம்பாட்டிபிள்' மெஷின்கள் வந்தன. 90கள்ல சின்ன ஊர் மில், நகைக்கடை, ஆடிட்டர் ஆபீஸ்னு நுழைஞ்சது பெரும்பாலும் அந்தக் குடும்பத்து மெஷின்கள்தான். பெரியப்பாவோடது 386, 40 மெகாஹெர்ட்ஸ், 4 எம்பி ராம்.

பழைய வேட்டியால சுத்தி, மேல பாலிதீன் போட்டு, கயிறு கட்டி வெச்சிருந்தார். "ஒரு தூசி பட விடலை தம்பி"ன்னு பெருமையா சொன்னார். பிரிச்சுப் பார்த்தேன். வெளிய ஒரு கீறல் இல்லை. கவரைக் கழட்டினா, கீபோர்டு சொருகுற இடத்துக்குப் பக்கத்துல பச்சையும் நீலமுமா பூத்துக் கிடக்கு. மீன் கெட்ட மாதிரி லேசா ஒரு வாடை.

இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்றது அந்தப் பச்சையைப் பத்திதான். அந்த மெஷின் ஓடி ஓடிக் கெடலை. பத்திரமா வெச்சதாலதான் கெட்டுச்சு.

பேட்டரி எதுக்கு, அது ஏன் ஒழுகுது?

1981ல வந்த முதல் ஐபிஎம் பிசில நேரத்தை ஞாபகம் வெச்சுக்க பேட்டரி கிடையாது. ஆன் பண்ணும்போதெல்லாம் தேதியை நாமே அடிக்கணும். என்ன ராம், என்ன டிஸ்ப்ளேங்கிறதைக் குட்டி ஸ்விட்ச்களால சொல்லணும். ஏடி மாடல்ல ஒரு கடிகார சிப்பைச் சேர்த்தாங்க. அதுக்குள்ள கொஞ்சம் மெமரி. அதைத்தான் 'சிமாஸ்'னு சொல்றோம். தேதி, ஃப்ளாப்பி வகை, ஹார்ட் டிஸ்க் அளவு எல்லாம் அதுல இருக்கும். கரண்ட் இல்லாதப்ப அதை உயிரோட வெச்சிருக்கத்தான் பேட்டரி.

386, 486 போர்டுகள் நிறையத்துல இதுக்கு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியை நேரா போர்டு மேலயே சால்டர் பண்ணிட்டாங்க. பீப்பாய் மாதிரி இருக்கும். உள்ள மூணு செல். மெஷின் ஓடும்போது போர்டு அதைச் சார்ஜ் பண்ணும். நிறுத்தினா அது சிமாஸுக்குக் கொடுக்கும். தினமும் ஓடுற வரைக்கும் சரியான ஏற்பாடு.

மெஷினை மூட்டை கட்டி வெச்சா என்ன ஆகும்? சார்ஜ் வர்றதே இல்லை. பேட்டரி சுத்தமா வத்திப் போகுது. வருஷக் கணக்குல அப்படியே கிடக்கும்போது சீல் பலவீனமாகி, உள்ள இருக்கிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியுது. அது காரம். அரிக்கும். செம்பு டிராக் வழியா, போர்டுல இருக்கிற நுண்ணிய துளைகள் வழியா, பச்சை வார்னிஷுக்கு அடியில கூட ஊர்ந்து போகும். மேல பார்த்தா ஒரு ரூபாய் நாணயம் அளவு கறை. அடியில அதுக்கு மேல பரவியிருக்கும்.

முதல் விதி: ஆன் பண்ணாதீங்க

நம்ம புத்தி எங்க போகும்னு எனக்குத் தெரியும். 'சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.' நானும் அப்படித்தான். ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு பழைய போர்டை ஆர்வத்துல ஆன் பண்ணி, ஒரு டான்டலம் கெப்பாசிட்டர் பட்டாசு மாதிரி வெடிச்சு, பக்கத்து டிராக்கும் எரிஞ்சு போச்சு. கோட் எழுதும்போது தப்பு பண்ணா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். எரிஞ்ச செம்புக்குத் திரும்பிப் போற வழி கிடையாது.

அதனால கரண்ட் கொடுக்காம கேட்கக்கூடிய கேள்வியை எல்லாம் முதல்ல கேட்டு முடிக்கணும். ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழட்டி ஓரமா வெச்சேன். பெரியப்பாவோட கணக்கு அதுலதான் இருக்கு. போர்டு சரியாகிற வரைக்கும் அதுக்குக் கரண்டே கிடையாது.

அடுத்து பேட்டரி. கட்டிங் பிளேயரால காலை வெட்டி எடுத்தேன். காட்மியம் நச்சு உலோகம், அதனால கையுறை கட்டாயம். காய்ஞ்ச பச்சையைச் சுரண்டி ஊதாதீங்க, மூச்சுக்குள்ள போகும். எடுத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டில போடவும் கூடாது. 2022ல வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி அதைத் தனியா, அதுக்கான சேகரிப்பு இடத்துலதான் கொடுக்கணும்.

கசிஞ்சது காரம்கிறதால அதை முறிக்க ஒரு மெல்லிய அமிலம் வேணும். சமையலறை வினிகர் போதும். பழைய டூத் பிரஷ்ல தொட்டு மெதுவா தேய்ச்சா லேசா நுரைக்கும். பெரியம்மா பார்த்துட்டு, "ஊறுகாயா போடுற?"ன்னு கேட்டாங்க. வினிகரையும் போர்டுல விடக் கூடாது, அதுவும் அரிக்கும். டிஸ்டில்ட் வாட்டர்ல கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, ஒரு ராத்திரி ஃபேனுக்கு அடியில காய வெச்சேன்.

பவர் சப்ளையைத் தனியா பாருங்க

ஏடி கேபினெட்ல ஒரு ஆபத்து இருக்கு. இப்போ இருக்கிற பிசில முன்னாடி பட்டன் ஒரு சின்ன சிக்னல் மட்டும்தான் அனுப்பும். ஏடில முன்னாடி இருக்கிற ஸ்விட்ச் வரைக்கும் 230 வோல்ட் மெயின்ஸ் நேரா வருது. ஒயர் மேல இருக்கிற இன்சுலேஷன் காய்ஞ்சு வெடிச்சிருக்கான்னு பிளக்கைப் பிடுங்கிட்டுப் பாருங்க. பவர் சப்ளை பெட்டிக்குள்ள கையே விடாதீங்க. உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கலாம்.

பழைய பவர் சப்ளைகள் பல லோடு இல்லாம சரியா ஓடாது. அதனால 5 வோல்ட் லைன்ல ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பை மாட்டி ஆன் பண்ணேன். பல்பு மங்கலா எரிஞ்சுது. மல்டிமீட்டர்ல 5.04, 12.1. சரி, பவர் சப்ளை நல்லா இருக்கு.

இப்போ போர்டு பக்கம். கரண்ட் இல்லாம, ஒவ்வொரு வோல்டேஜ் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் அளந்தேன். 5 வோல்ட் லைன்ல பிரச்சினை இல்லை. 12 வோல்ட் லைன்ல 0.4 ஓம். கிட்டத்தட்ட நேரடி ஷார்ட். நான் ரெண்டு வருஷம் முன்னாடி வெடிக்க விட்ட அதே வகை ஆளு, ஐஎஸ்ஏ ஸ்லாட் பக்கத்துல மஞ்சள் கலர்ல ஒரு டான்டலம். இது கெட்டா பெரும்பாலும் ஷார்ட்டாதான் நிக்கும். ஒரு காலைத் தூக்கினேன், ஷார்ட் போயிடுச்சு. புதுசு வைக்கும்போது ஒண்ணு கவனிங்க. சாதாரண எலக்ட்ரோலைட்டிக்ல கோடு போட்டது மைனஸ் கால். டான்டலம்ல குறி போட்டது பிளஸ் கால். மாத்தி வெச்சா மறுபடியும் தீபாவளிதான்.

ஏடி பவர் சப்ளைலேர்ந்து போர்டுக்கு ரெண்டு கனெக்டர் வரும். பி8, பி9. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாத்திச் சொருகவும் முடியும். மாத்தினா போர்டு காலி. கருப்பு ஒயர் நாலும் நடுவுல பக்கத்துல பக்கத்துல வரணும். இதை மட்டும் மறக்கவே மறக்காதீங்க.

சத்தமே இல்லை

ஞாயித்துக்கிழமை மதியம் முதல் தடவையா போர்டுக்குக் கரண்ட் கொடுத்தேன். ஒரு டிஸ்ப்ளே கார்டு, ஸ்பீக்கர், ஒரு போஸ்ட் கார்டு மட்டும் மாட்டியிருந்தேன். "போஸ்ட் கார்டா? யாருக்கு எழுதப் போற?"ன்னு பெரியப்பா கேட்டார். இது வேற போஸ்ட். ஆன் ஆனதும் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதிச்சுக்கும். ஒவ்வொரு கட்டத்துலயும் '80 ஹெக்ஸ்'ங்கிற முகவரிக்கு ஒரு நம்பரை எழுதும். ஸ்லாட்ல சொருகின இந்தக் கார்டு அந்த நம்பரை ரெண்டு இலக்கமா காட்டும். எந்த நம்பர்ல நிக்குதோ, அந்த இடத்துல பிரச்சினை. சர்வர் லாக்ல கடைசி வரியைப் பார்க்கிற மாதிரிதான்.

எங்களுக்கு லாக்கே வரலை. நம்பரும் இல்லை, பீப்பும் இல்லை. அப்படின்னா பிராசசர் பயாஸ் சிப்லேர்ந்து முதல் கட்டளையைக் கூடச் சரியா படிக்கலைன்னு அர்த்தம். சிப்பே கெட்டிருக்கலாம், இல்ல சிப்புக்குப் போற வழி அறுந்திருக்கலாம். எது மலிவான கேள்வியோ அதை முதல்ல கேளுங்க. வழியைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும்.

போர்டோட சர்க்யூட் டயகிராம் கையில இல்லை. ஆனா ஒரு குறுக்கு வழி இருக்கு. இந்த மாதிரி போர்டுகள் பலதுல பயாஸ் சிப்பும் கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பும் ஒரே எட்டு டேட்டா கம்பியைப் பகிர்ந்துக்கும். ஒரே தெருவுல ரெண்டு வீடு மாதிரி. பயாஸ் 27சி512 வகை, 28 கால். அதுல டேட்டா கால்கள் 11, 12, 13, அப்புறம் 15லேர்ந்து 19 வரைக்கும். கீபோர்டு கன்ட்ரோலர் 8042, 40 கால். அதுல 12லேர்ந்து 19 வரைக்கும். ஒவ்வொரு ஜோடியா கன்டினியூட்டி வெச்சுப் பார்த்தா எட்டு பீப் வரணும்.

எனக்கு ஆறுதான் வந்துச்சு.

ரெண்டு டிராக் அறுந்திருக்கு. ரெண்டும் பேட்டரி இருந்த இடத்துக்கு அடியில போறது. அந்த வழியா வேற என்னென்ன போகுதுன்னு டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா தொடர்ந்தேன். மொத்தம் ஏழு டிராக் போயிருந்துச்சு. கண்ணுக்கு ரெண்டுதான் தெரிஞ்சுது. மத்த அஞ்சு பார்க்க நல்லா இருந்துச்சு, பீப் மட்டும் வரலை. அதனால கண்ணை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க.

சரி பண்றது பொறுமை வேலை, அவ்வளவுதான். டிராக் மேல இருக்கிற வார்னிஷை பிளேடால மெதுவா சுரண்டி, செம்பு பளபளன்னு தெரியுற இடம் வரைக்கும் போகணும். கருத்துப் போன செம்புல ஈயம் ஒட்டாது. அப்புறம் 30 கேஜ் ஒயரை ஒரு நல்ல முனைலேர்ந்து இன்னொரு நல்ல முனைக்குப் பாலமா சால்டர் பண்ணணும். ஒவ்வொரு ஒயரும் வெச்ச உடனே ரெண்டு சோதனை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பீப் வருதா? பக்கத்து டிராக்கோட பீப் வராம இருக்கா? ரெண்டாவதை விட்டுட்டா புதுசா ஒரு ஷார்ட்டை நாமே உருவாக்கிடுவோம்.

ஆறு பீப்

திங்கக்கிழமை லீவு போட்டேன். பதினோரு மணிக்கு மறுபடி ஆன். போஸ்ட் கார்டுல நம்பர் ஓட ஆரம்பிச்சுது. நான் கத்தினதுல பெரியம்மா அடுப்பை விட்டுட்டு வந்துட்டாங்க. அடுத்த நொடி ஸ்பீக்கர்ல பீப், பீப்... எண்ணினேன். ஆறு.

இதுல சந்தோஷப்படணும். பீப் அடிக்கிற மெஷின் பேசுற மெஷின். ஏஎம்ஐ பயாஸ்ல ஒரு பீப்னா மெமரி ரெஃப்ரெஷ், மூணுன்னா முதல் 64 கேபி மெமரி, எட்டுன்னா டிஸ்ப்ளே மெமரி. ஆறுன்னா கீபோர்டு கன்ட்ரோலர். அதாவது அதே 8042. சிப்பை சாக்கெட்லேர்ந்து நெம்பி எடுத்தேன். சாக்கெட்டுக்குள்ள மூணு கிளிப் பச்சையா இருந்துச்சு. டிராக்கைப் பார்த்த நான் சாக்கெட்டுக்கு உள்ள பார்க்கலை. சாக்கெட்டை மாத்தினேன்.

ஸ்கிரீன் வந்துச்சு. ராம் எண்ணிக்கை ஓடுச்சு. கீழ '06/06/92'ன்னு பயாஸ் தேதி. அடுத்து ஒரு செய்தி: கீபோர்டு எரர், தொடர எஃப்1 அழுத்தவும்.

கீபோர்டே வேலை செய்யலைங்கிறப்ப எஃப்1 எப்படி அழுத்துறது? இதை எழுதின எஞ்சினியரை நினைச்சு ரெண்டு பேரும் சிரிச்சோம். கீபோர்டு சாக்கெட்ல அஞ்சு ஓட்டை இருக்கும். நாலாவது கிரவுண்டு, அஞ்சாவது 5 வோல்ட். அங்க 5 வோல்ட்டே வரலை. வழியில இருந்த பொடி ஃபியூஸ் அரிச்சுப் போயிருந்துச்சு. அங்க வெறும் ஒயரை வெச்சு ஷார்ட் பண்ணிடலாம்னு தோணும், பண்ணாதீங்க. ஃபியூஸ் இருக்கிறது போர்டைக் காப்பாத்த. ஒரு ஆம்பியர் ஃபியூஸ் வெச்சேன். எஃப்1 வேலை செஞ்சுது.

பென்சில்ல எழுதின மூணு நம்பர்

இப்போ ஹார்ட் டிஸ்க். சிமாஸ் ஞாபகம் எல்லாம் போயிடுச்சு. இந்தக் காலத்து பயாஸ் டிஸ்க்கைத் தானே கண்டுபிடிக்கும். இந்த பயாஸ் கண்டுபிடிக்காது. சிலிண்டர், ஹெட், செக்டார் மூணையும் நாமதான் 'டைப் 47'ங்கிற இடத்துல அடிக்கணும். தப்பா கொடுத்து எதையாவது எழுதிட்டா டேட்டாவே கலைஞ்சு போகலாம். டிஸ்க் மேல இருந்த லேபிள் வெளுத்துப் போய் ஒண்ணும் தெரியலை.

நான் நெட்ல தேடிட்டு இருந்தேன். பெரியப்பா எழுந்து போய் கழட்டி வெச்ச கேபினெட் கவரைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்துச்சு. பென்சில்ல அவர் கையெழுத்து: 820, 6, 17. "சர்வீஸ் பண்ண வந்த பையன் சொன்னான். மறந்துடும்னு எழுதி வெச்சேன்"னார்.

820 பெருக்கல் 6 பெருக்கல் 17 செக்டார், ஒவ்வொண்ணும் 512 பைட். மொத்தம் 4,28,23,680 பைட். 40 எம்பி டிஸ்க்குக்குச் சரியா வருது. அடிச்சேன். டிஸ்க் ஒரு தடவை முனகிட்டு சுத்த ஆரம்பிச்சுது.

டாஸ் வந்துச்சு. தேதி 1980 ஜனவரி 1. டாஸோட காலண்டரே அங்கதான் ஆரம்பிக்குது. பெரியப்பா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியைச் சரி பண்ணிட்டு, ஒரு விரலால அடிச்சு, 1994 தை மாசக் கணக்கைத் திறந்தார். இங்கிலீஷ் எழுத்துல தமிழ்ப் பேர்கள், பக்கத்துல மூட்டை எண்ணிக்கை, பாக்கித் தொகை. ஒரு பேர்ல விரலை வெச்சு, "இவர் போய்ச் சேர்ந்துட்டார். பாக்கி வெச்சதே இல்லை"ன்னு சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை.

கணக்கு மொத்தமே 4 எம்பி கூட இல்லை. மூணு ஃப்ளாப்பி, ஒரு யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ், லேப்டாப்புக்கு வந்தாச்சு. அன்னைக்கு ராத்திரியே ரெண்டு இடத்துல காப்பி வெச்சேன்.

உங்க வீட்டுப் பரண்

புது பேட்டரி? ஒரு சிஆர்2032 காயின் செல் வெச்சேன். ஆனா நேரா இல்லை. போர்டு இன்னும் பழைய பழக்கத்துல சார்ஜ் அனுப்பும். லித்தியம் காயின் செல்லை சார்ஜ் பண்ணவே கூடாது. அதனால நடுவுல ஒரு ஷாட்கி டயோடு. கரண்ட் வெளிய மட்டும் போகும், உள்ள வராது. டயோடு சுமார் 0.3 வோல்ட் எடுத்துக்கும், மீதி 2.7 சிமாஸுக்கு இந்த போர்டுல போதுமா இருக்கு. செல்லை போர்டு மேல வைக்கலை. நீளமா ஒயர் இழுத்து, கேபினெட் ஓரத்துல ஒட்டியிருக்கேன். நாளைக்கு இதுவும் ஒழுகினா தகரத்துலதான் ஒழுகும்.

வியாழக்கிழமை ரூம் காலியாச்சு. மேஜை, பீரோ, தராசு எல்லாம் எடைக்குப் போச்சு. 386 மட்டும் பெரியப்பா வீட்டு ஹால்ல இருக்கு.

கேட்கிற உங்களுக்கு ஒரே ஒரு வேலை. உங்க வீட்டுலயோ, தாத்தா வீட்டுலயோ, அப்பாவோட பழைய ஆபீஸ்லயோ 386, 486 காலத்து மெஷின் ஏதாவது இருந்தா, இந்த வாரமே திறந்து பாருங்க. ஓட வைக்கணும்னு இல்லை. ஆன் பண்ணவும் வேணாம். கீபோர்டு சாக்கெட் பக்கத்துல பீப்பாய் மாதிரி பேட்டரி இருந்தா, கையுறை போட்டுட்டு அதை மட்டும் வெட்டி எடுத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. மத்ததை ஆறு மாசம் கழிச்சுக் கூடப் பார்த்துக்கலாம். அந்த பேட்டரி மட்டும் காத்திருக்காது. வேட்டி சுத்தி, பாலிதீன் போட்டு நீங்க எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தாலும், அது உள்ளேயிருந்து தின்னுட்டே இருக்கும்.

திறந்தீங்கன்னா போட்டோ அனுப்புங்க. பச்சை பூத்திருந்தா பயப்படாதீங்க, எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு இப்போ உங்களுக்குத் தெரியும். அடுத்த எபிசோட்ல, அந்த மூணு ஃப்ளாப்பில வந்த 1994 கணக்கு ஃபைலை இன்னைக்கு லேப்டாப்ல படிக்க வெச்ச கதையைச் சொல்றேன். அதுவரைக்கும், வரட்டா.